திரும்புன்னு சொல்ற குரல்

மலேசியாவுல, பினாங்கு தீவுக்கு எதிர்ல இருக்குற பட்டர்வொர்த்துல எண்பதுகள்ல வளந்தவங்களுக்கு இது நல்லா தெரியும். டீச்சர் பாடம் நடத்திக்கிட்டு இருப்பாங்க, திடீர்னு பள்ளிக்கூட கூரைக்கு மேல மிராஜ் போர் விமானம் ஒன்னு கிழிச்சிக்கிட்டு போகும், டீச்சர் பேச்ச நிறுத்திட்டு சாக்பீஸ கையில புடிச்சிக்கிட்டு அப்படியே நிப்பாங்க, சத்தம் அடங்குனதும் விட்ட எடத்துலேருந்து ஆரம்பிப்பாங்க. ஆஸ்திரேலியாக்காரங்க விமானம் எல்லாம் அப்ப அங்கதான் இருந்துச்சி, 1988ல அந்த தளம் நம்ம விமானப்படை கைக்கு வந்துச்சி. எங்கப்பாவுக்கு பினாங்கு துறைமுகத்துல வேலை, அதனால எங்க வீட்ல பேச்சு முழுக்க கப்பல்தான், எந்த கப்பல் வந்துச்சி, எது லேட்டு, எதுல என்ன சரக்கு. வானமும் கடலும் சேந்த ஒரு வேலை, கடற்படையில ஹெலிகாப்டர் ஓட்டுற வேலை, இருக்குன்னே எனக்கு பள்ளிக்கூடத்துல பாரம் அஞ்சு முடிக்கிற வரைக்கும் தெரியாது. தெரிஞ்சப்புறம் வேற எதையும் நெனைக்கவும் முடியல.

நேவின்னா கப்பல்தானே, அங்க எதுக்கு பைலட்டுன்னு இப்பவும் நெறைய பேரு கேக்குறாங்க, அதனால இத மொதல்ல சொல்லிடுறேன். கப்பலோட ரேடார் அடிவானத்தோட நின்னுடும், பூமி வளைஞ்சிருக்கே, அதுக்கு அந்தப்பக்கம் என்ன இருக்குன்னு பாக்கணும்னா மேல ஏறியாகணும். அதுக்குத்தான் ஹெலிகாப்டர். தேடுறது, காப்பாத்துறது, நோயாளிய கரைக்கு கொண்டு போறது, சந்தேகப்படுற கப்பல கிட்டப்போயி பாக்குறது எல்லாமே அதுலதான். நம்ம கடற்படையோட வரலாறு 1934 ஏப்ரல் 27ல இருந்து ஆரம்பிக்கிது, ஆனா சொந்தமா ஹெலிகாப்டர் வந்தது 1988லதான், பிரிட்டிஷ் நேவி ஓட்டி முடிச்ச வாஸ்ப். ஒத்த எஞ்சின். என் சீனியர்ங்க அந்த வாஸ்ப்ல கத்துக்கிட்டவங்க, அவங்க கையில ஒரு பதம் இருக்கும், பாத்தாலே தெரியும். 2003லேருந்து சூப்பர் லிங்ஸ் ஆறு, ஃபெனக் ஆறு வந்துச்சி. நான் ஓட்டினது சூப்பர் லிங்ஸ். இங்கிலாந்துல யோவில்ங்கிற ஊர்ல செஞ்சது, ரெட்ட எஞ்சின். இன்னிக்கும் அந்த சத்தம் எங்க கேட்டாலும் அடையாளம் கண்டுபுடிச்சிடுவேன்.

இனிமே கப்பல்ல எறங்குறத பத்தி, இதத்தான் நான் நிதானமா சொல்லணும். லெக்கியு, ஜெபாட் மாதிரி ஃபிரிகேட்டுங்க, அதாவது நடுத்தர போர்க்கப்பலுங்க, மொத்தமே 100 மீட்டர கொஞ்சம் தாண்டும், அதுல பின்கோடியில இருக்குற துண்டு எடம்தான் ஃப்ளைட் டெக். சூப்பர் லிங்ஸோட ரோட்டர் விட்டம் 12.8 மீட்டர், கப்பலோட அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். முன்னாடி ஹேங்கர், அதாவது ஹெலிகாப்டர நிறுத்தி வெக்கிற கொட்டகை, அதோட சுவரு நிக்கும். கப்பல் முன்னும்பின்னுமா தலையாட்டும், பக்கவாட்டுல சாயும், மொத்தமா ஏறி எறங்கும், மூணும் ஒரே நேரத்துல நடக்கும், அதோட கப்பல் ஓடிக்கிட்டும் இருக்கும். நாங்க பின்னாடியிலேருந்து வந்து, கப்பலுக்கு எடது பக்கமா அதோட வேகத்துலயே ஒட்டி பறந்து, அங்க அந்தரத்துல நிப்போம். நின்னு பாப்போம். எந்தக் கடலும் விடாம ஆடாது, நடுநடுவுல சில செகண்டு அடங்கும், அந்த அடக்கம் வரும்போது பக்கவாட்டுல நகந்து டெக்குக்கு மேல வந்து ஒரே மூச்சுல எறக்கிடணும். எறங்குனதும் வயித்துக்கு அடியிலேருந்து ஹார்பூன்னு ஒரு கொக்கி வந்து டெக்குல இருக்குற ஓட்டை ஓட்டையான இரும்புத் தட்ட கவ்விக்கும். லிங்ஸ்ல இன்னொரு விசேஷம் உண்டு, ரோட்டர் இறக்கைங்களோட கோணத்த மாத்தி ஹெலிகாப்டர டெக்கோட சேத்து கீழ அழுத்த முடியும், அதனாலதான் பெரிய ஹெலிகாப்டருங்க தயங்குற கடல்லயும் அது எறங்கும்.

டெக்குல ஒருத்தர் நிப்பாரு, ஃப்ளைட் டெக் ஆபீசர். கையில ராத்திரின்னா வெளக்கு. அவரு ரெண்டு கையையும் தலைக்கு மேல வீசி காட்டிட்டா அது வேவ் ஆஃப், எறங்காத, போயிடு. உள்ள ஓட்டிக்கிட்டு இருக்கிறது கமாண்டரா இருந்தாலும் சரி, வெளிய நிக்கிறவரு நேத்து வந்த சின்ன பையனா இருந்தாலும் சரி, அவரு வீசுனா போயிடணும். ஏன்னு கேக்க கூடாது. காரணத்த அப்புறம் பேசிக்கலாம். காக்பிட்டுக்கு உள்ளயும் அதே சட்டம்தான், ரெண்டு பேர்ல யாரு கோ அரவுண்ட்னு சொன்னாலும் ஓட்டுறவரு பவர் கொடுத்து எழும்பி வெளிய போயிடணும்.

எழுதும்போது சுலபமா இருக்கு. எங்க வீட்டுல அப்பா பேசும்போது குறுக்க ஒரு வார்த்தை பேசுனதில்ல நாங்க. அப்பா தப்பான வழியில காடிய திருப்பினாக்கூட பின்னாடி உக்காந்திருக்கிற அம்மா, ஏங்க, அந்தப்பக்கம் இல்லையோன்னு முனகுவாங்க, அவ்வளவுதான். அதுக்குள்ள ரெண்டு சிக்னல் தாண்டியிருக்கும். மலாய்க்காரங்க வீட்லயும் இதே கதைதான், என்கூட பறந்த பசங்க எல்லாரும் பெரியவங்க கைய பிடிச்சி முத்தம் கொடுத்து வளந்தவங்க. அப்படி வளந்த ரெண்டு பேர ஒரே காக்பிட்ல உக்கார வெச்சி, ஒருத்தர துவான்னு, அதாவது ஐயான்னு, கூப்பிட வெச்சி, அப்புறம் அந்த துவான பாத்து நீங்க செய்றது சரியில்ல, திரும்புங்கன்னு சொல்லுன்னா, வாய் வருமா?

எனக்கு வந்த ராத்திரிய சொல்றேன். தென்சீனக் கடல், வடகிழக்கு பருவமழை நேரம், நிலா இல்ல. ஓட்டிக்கிட்டு இருந்தவரு எனக்கு ரொம்ப சீனியர், நான் மரியாதை வெச்சிருந்த மனுஷன், இப்பவும் வெச்சிருக்கேன். ரெண்டு தடவ கப்பல் பக்கத்துல நின்னு பாத்தோம், அடக்கம் கிடைக்கல. மூணாவது தடவ கிடைச்ச மாதிரி இருந்துச்சி, அவரு நகந்து டெக்குக்கு மேல வந்துட்டாரு, அந்த நேரம் பாத்து ஒரு பெரிய அலை கப்பலோட பின்பக்கத்த தூக்க ஆரம்பிச்சிச்சி. அவரு கண்ணு முன்னாடி ஹேங்கர் சுவத்து மேல இருந்துச்சி, நான் உக்காந்திருந்த பக்கத்துலேருந்து டெக்கோட ஓரம் மேல வர்றது எனக்குத்தான் தெரிஞ்சிச்சி. கோ அரவுண்ட்னேன். கத்தல, சாதாரணமாத்தான் சொன்னேன். நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பவர் ஏறிடுச்சி, எடது பக்கமா வெளிய போயிட்டோம். ஒரு சுத்து சுத்தி மறுபடி வந்து, நின்னு, காத்திருந்து, எறங்கினோம். காக்பிட்ல அத பத்தி ஒரு பேச்சு இல்ல, செக்லிஸ்ட் மட்டும்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சி. பறந்து முடிச்சப்புறம் உக்காந்து பேசுற டிபிரிஃபிங்லதான் அவரு மலாய்ல சொன்னாரு, நீ சொல்லலேன்னா நான் எறக்கியிருப்பேன், ஒன்னும் ஆகாமயும் போயிருக்கலாம், ஆனா நீ சொன்னது சரி, நாளைக்கும் சொல்லுன்னாரு. அப்புறம் ஆபீசருங்க சாப்பிடுற வார்ட்ரூம்ல அவரே ஒரு மிலோ கலக்கி என் முன்னாடி வெச்சாரு. அந்த மாதிரி ஒரு சீனியர் கிடைக்கிறதுக்கு குடுத்து வெச்சிருக்கணும்.

அந்த ராத்திரிய பத்தி பல வருஷமா யோசிச்சிருக்கேன். எனக்கு தைரியம் வந்ததால அத சொன்னேன்னு நான் நெனைக்கல. அந்த ரெண்டு வார்த்தைய எங்களுக்கு முன்கூட்டியே கொடுத்திருந்தாங்க, சிமுலேட்டர்லயும் வகுப்புலயும் திரும்பத் திரும்ப சொல்ல வெச்சிருந்தாங்க, அதனால நான் அந்த நேரத்துல மரியாதையா எப்படி சொல்றதுன்னு தேடிக்கிட்டு இருக்க வேண்டியதில்ல. நம்ம ஆளுங்க ஒரு பெரியவர்கிட்ட மாத்து கருத்து சொல்லணும்னா எப்படி ஆரம்பிப்போம், அது வந்துங்க, நான் தப்பா சொல்றேன்னா மன்னிச்சிக்கோங்க, ஒருவேளை இப்படியும் இருக்கலாமோன்னு, சுத்தி வளைச்சி, அந்த அடக்கம் நம்ம வளர்ப்புல வந்த நல்ல குணம்தான், நான் கொறை சொல்லல, ஆனா அதுக்கு நேரம் வேணும். டெக்குக்கு மேல அந்த நேரம் கிடையாது.

1977 மார்ச் 27ல ஸ்பெயினோட டெனரிஃப் தீவு ஏர்போர்ட்ல ரெண்டு ஜம்போ விமானம் மோதி 583 பேரு செத்தாங்க. பனிமூட்டத்துல ஓடுபாதையில இன்னொரு விமானம் இருக்கும்போதே நெதர்லாந்து கம்பெனி கேஎல்எம்மோட கேப்டன் டேக் ஆஃப் எடுத்துட்டாரு. பின்னாடி உக்காந்திருந்த ஃப்ளைட் இன்ஜினியருக்கு சந்தேகம் வந்துச்சி, அந்த விமானம் இன்னும் விலகலையான்னு கேட்டாரு, கேள்வியாத்தான் கேட்டாரு. கேப்டன் அந்த கம்பெனியோட பெரிய ஆளு, விலகிடுச்சின்னு அடிச்சி சொல்லிட்டாரு, அதோட பேச்சு முடிஞ்சிடுச்சி. உலகம் முழுக்க பைலட்டுங்களுக்கு பேச கத்துக்கொடுக்க ஆரம்பிச்சதுக்கு இந்த விபத்தும் ஒரு பெரிய காரணம். எனக்கு பாடம் எடுத்தவங்க இத சொல்லும்போது வகுப்பே அமைதியாயிடும், ஏன்னா அந்த இன்ஜினியர் கேட்ட மாதிரி கேள்விய நாங்க எல்லாருமே எங்கயாவது ஒரு பெரியவர்கிட்ட கேட்டு, பதில் வந்ததும் வாய மூடிக்கிட்டவங்கதான்.

நம்ம ஊரு கடல்லயே இதுக்கு இன்னும் பெரிய பாடம் கெடக்கு. 1941 டிசம்பர் 10, குவாந்தானுக்கு வெளிய, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ்னு பிரிட்டனோட ரெண்டு பெரிய போர்க்கப்பல ஜப்பான் கடற்படையோட விமானிங்க மூழ்கடிச்சாங்க. சைகோன் பக்கத்து தளங்கள்லேருந்து கெளம்பி வந்த விமானங்க, குண்டும் டார்பிடோவும். நடுக்கடல்ல சண்ட போட்டுக்கிட்டு இருந்த பெரிய போர்க்கப்பல வெறும் விமானங்களே மூழ்கடிச்சது உலகத்துல அதான் முதல் தடவ. துணைக்கு வந்திருக்க வேண்டிய விமானந்தாங்கி கப்பல் இண்டாமிட்டபிள் ஜமைக்கா கிட்ட தரை தட்டி ரிப்பேருக்கு போயிருந்துச்சி, அது எல்லாரும் சொல்றது. எனக்கு உறுத்துறது வேற. அட்மிரல் டாம் பிலிப்ஸ் தான் இருக்குற எடம் தெரிஞ்சிடக் கூடாதுன்னு ரேடியோவ அமைதியாவே வெச்சிருந்தாரு, எதிரி விமானம் கண்டுபுடிச்சி தாக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறமும் சிங்கப்பூர்கிட்ட போர் விமானம் கேக்கல. கடைசியில 11:58க்கு ரேடியோவுல சொன்னது ரிபல்ஸோட கேப்டன் டென்னன்ட். அட்மிரலுக்கு கீழ இருக்குறவரு, இன்னொரு கப்பல்ல இருக்குறவரு. சிங்கப்பூர் செம்பாவாங் தளத்துலேருந்து பஃபலோ போர் விமானங்க பறந்து வந்து சேந்தப்போ பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மூழ்கிக்கிட்டு இருந்துச்சி. 840 பேரு போயிட்டாங்க. முன்னாடியே கூப்பிட்டிருந்தா அந்த சில விமானங்களால என்ன முடிஞ்சிருக்கும்னு விவாதம் இருக்கு, எனக்கு தெரிஞ்சி கொஞ்சமாவது முடிஞ்சிருக்கும். அந்த அட்மிரல சுத்தி அவ்வளவு ஆபீசருங்க நின்னுக்கிட்டு இருந்தாங்களே, ஒருத்தருக்காவது வாய் வந்திருக்கணுமேங்கிற எண்ணம் எனக்கு அந்தக் கடல் மேல பறக்கும்போதெல்லாம் வரும். அடுத்த நாளே ஜார்ஜ் டவுன்ல குண்டு விழுந்துச்சி, சனங்க என்ன விமானம்னு பாக்க தெருவுக்கு வந்து நின்னப்போ விழுந்ததுன்னு எங்க பாட்டி சொல்லுவாங்க. அப்புறம் அதே பினாங்கு துறைமுகத்துல ஜெர்மன் நீர்மூழ்கிங்க வந்து தங்கினதும், அவங்களோட அராடோ கடல் விமானம் இங்கேருந்து பறந்ததும் தனிக் கதை.

குரல் கேக்குறதுன்னா மனுஷக் குரல் மட்டும் இல்ல. ராத்திரி கடல்ல அடிவானம் தெரியாது. கணவா பிடிக்கிற படகுங்க பளிச்சுன்னு வெளக்கு போட்டுக்கிட்டு அங்கங்க நிக்கும், மேல நட்சத்திரம், கீழ வெளக்கு, எது எதுன்னு சொல்ல முடியாத ஒரு கருப்பு. காதுக்குள்ள இருக்குற நிதானம் பாக்குற உறுப்பு மெதுவா திரும்புறத உணராது, ஹெலிகாப்டர் சாஞ்சிக்கிட்டே போகும், ஒடம்பு நேரா இருக்கேன்னு சத்தியம் பண்ணும். அப்ப கண்ணு முன்னாடி இருக்குற கருவிய நம்பணும், ஒடம்ப நம்பக் கூடாது. சொல்றேன், தன் ஒடம்பு சொல்றத பொய்யின்னு ஒத்துக்கிறதுதான் நான் கத்துக்கிட்டதுலயே ரொம்ப நாள் எடுத்தது. அதுக்கும் வழி ஒன்னுதான், பக்கத்துல இருக்குறவரு உயரம் இவ்வளவு, வேகம் இவ்வளவுன்னு வாய்விட்டு படிச்சிக்கிட்டே இருப்பாரு, அந்த குரல புடிச்சிக்கிட்டு வரணும்.

தண்ணிக்குள்ள தப்பிக்கிற பயிற்சிய பத்தி கேட்டா எல்லாரும் கண்ண விரிப்பாங்க. ஹெலிகாப்டருக்கு கனமெல்லாம் தலையில, எஞ்சினும் கியர்பாக்ஸும் மேல இருக்கு, அதனால கடல்ல விழுந்தா பெரும்பாலும் கவுந்துடும். அதுக்கு நீச்சல் குளத்துல ஒரு கூண்டுல கட்டி உக்கார வெச்சி தண்ணிக்குள்ள எறக்கி தலைகீழா திருப்புவாங்க, அப்புறம் கண்ண கட்டியும் செய்வாங்க. ஒரு கை ஜன்னல் ஓரத்த புடிச்சிருக்கணும், ஆட்டம் நிக்கிற வரைக்கும் காத்திருக்கணும், பெல்ட்ட கடைசியாத்தான் கழட்டணும். அவசரப்பட்டு மொதல்ல பெல்ட்ட கழட்டுனவன் எங்க மேல எங்க கீழன்னு தெரியாம உள்ளயே மிதப்பான். அந்தக் காத்திருக்கிற சில செகண்டு, மூக்குல தண்ணி ஏறிக்கிட்டு இருக்கும்போது சும்மா இருக்கிறது, அது ஒரு பெரிய படிப்பு.

டெக்னீஷியனுங்கள பத்தி யாரும் கேக்கறதில்ல, அதனால நானே சொல்றேன். உப்புக்காத்து ஹெலிகாப்டர தின்னுடும், பறந்து வந்ததும் எஞ்சினையும் ஒடம்பையும் நல்ல தண்ணியில கழுவணும், ராத்திரி ரெண்டு மணியானாலும் கழுவணும். பறக்குறதுக்கு முன்னாடி டெக்குல எல்லாரும் வரிசையா குனிஞ்சிக்கிட்டு நடப்போம், ஒரு சின்ன ஆணி, ஒரு துண்டு கம்பி கெடந்தாலும் பொறுக்கணும், எஞ்சின் உள்ள இழுத்துடும். ஆபீசரும் நடப்பாரு, சமையக்காரரும் நடப்பாரு. ஒரு தடவ பறக்க தயாரா நிக்கும்போது ஒரு சின்ன பையன், கெடா பக்கத்து தோட்டத்துலேருந்து வந்த நம்ம தமிழ்ப் பையன், என் டூல் பாக்ஸ்ல ஒரு ஸ்குரூ டிரைவர் கொறையுதுன்னு கைய தூக்கிட்டான். மொத்த வேலையும் நின்னுடுச்சி. கவர கழட்டி, தேடி, கடைசியில எஞ்சின் பக்கத்து மூலையிலேருந்து எடுத்தாங்க. சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது, அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும். எங்க கமாண்டர் அவன எல்லாருக்கும் முன்னாடி கூப்பிட்டு நிக்க வெச்சாரு, பையன் முகம் வெளுத்துடுச்சி, திட்டு விழும்னு நெனச்சிட்டான். அவரு அவன் தோள்ல கைய வெச்சி, இவன் இன்னிக்கு மூணு பேர காப்பாத்தியிருக்கான்னாரு. அதுக்கப்புறம் அந்த யூனிட்ல யாருக்கும் கைய தூக்க பயம் இருந்ததில்ல. சொன்னவனுக்கு அடி விழுந்தா அடுத்தவன் சொல்லமாட்டான், இது வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆபீசுக்கும் ஒன்னுதான்னு நான் உறுதியா நம்புறேன்.

ஏடன் வளைகுடா பக்கம் கடற்கொள்ளைக்காரங்கள தடுக்க நம்ம கப்பல் போனத பத்தி கேப்பீங்க. 2011 ஜனவரியில ஓமன் பக்கத்துல கடற்கொள்ளைக்காரங்க ஏறுன புங்கா லாரல் கப்பல நம்ம கடற்படையோட சிறப்புப் படையான பாஸ்கால் வீரருங்க மீட்டாங்க, 23 மாலுமிங்களும் உசுரோட வந்தாங்க, மேல நம்ம ஃபெனக் ஹெலிகாப்டர் இருந்துச்சி. நான் அதுல இல்ல. ஆனா அந்த சேதி வந்தன்னிக்கு எங்க எல்லாருக்கும் நெஞ்சு நிமிர்ந்துச்சி.

வீட்ட விட்டு இருந்தது பத்தி நெறைய எழுத மாட்டேன். தீபாவளி கடல்ல போயிருக்கு, பொண்ணு பேச ஆரம்பிச்சது போன்லதான் கேட்டேன். எங்க வீட்டம்மா தனியா சமாளிச்சாங்க, மாசி மகத்துக்கு தெலுக் பஹாங் சிங்கமுக காளியம்மன் கோயிலுக்கு வருஷா வருஷம் பிள்ளைய தூக்கிக்கிட்டு போயி தெப்பம் பாத்து கடலுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வருவாங்க. கப்பல் வடக்கேருந்து திரும்பி வரும்போது மொதல்ல கண்ணுக்கு தெரியறது ஜெராய் மலை, 1200 மீட்டருக்கு மேல, கடாரத்துக்கு வந்த சோழர் காலத்து கப்பல்காரங்களுக்கும் அதுதான் அடையாளம். அத பாத்ததும் வீடு வந்துடுச்சின்னு மனசு எறங்கும்.

2024 ஏப்ரல் 23. நான் படைய விட்டு வந்து சில வருஷம் ஆயிருந்துச்சி. காலையில பசியாறிட்டு உக்காந்திருக்கேன், போன் அடிக்க ஆரம்பிச்சிடுச்சி, நிக்கவேயில்ல. லூமுட் தளத்துல, கடற்படையோட 90வது ஆண்டு விழாவுக்கு ஒத்திகை பறக்கும்போது ரெண்டு ஹெலிகாப்டர் மோதிடுச்சி, ஒரு ஏடபிள்யூ139, ஒரு ஃபெனக். பத்து பேரும் போயிட்டாங்க. பத்துல ஒருத்தர் நம்ம தமிழ்ப் பிள்ளை. அதுக்குள்ள வீடியோவும் சுத்த ஆரம்பிச்சிடுச்சி, கோயில் குரூப்புல, சொந்தக்காரங்க குரூப்புல, பழைய மாணவர் குரூப்புலன்னு ஒரே வீடியோ எத்தன தடவ வந்துச்சின்னே தெரியல. நான் ஒவ்வொரு குரூப்புலயும் எழுதினேன், தயவு செஞ்சி அனுப்பாதீங்க, இத அவங்க வீட்ல பாப்பாங்கன்னு. சில பேரு நிறுத்துனாங்க, சில பேரு ஏன் இப்படின்னு என்கிட்டயே காரணம் கேட்டாங்க. விசாரணை நடக்கும்போது வெளிய இருக்குறவன் காரணம் பேச கூடாது, எங்களுக்கு சொல்லிக்கொடுத்தது அது. அன்னிக்கு ராத்திரி என் பழைய சீனியருக்கு போன் பண்ணேன், அந்த மிலோ கலக்கி கொடுத்தவருக்கு. ரெண்டு பேருமே ரொம்ப நேரம் பேசல, லைன்ல இருந்தோம்.

என் தங்கச்சி பெராய்ல இருக்கா. அவ பையன் அந்த வருஷம்தான் பாரம் அஞ்சு, சின்ன வயசுலேருந்து என் பழைய ஹெல்மட்ட மாட்டிக்கிட்டு சுத்துனவன், நேவியில சேரணும்ங்கிறான். அந்த வாரம் அவ எனக்கு போன் பண்ணி அழுதா. அண்ணே, நீ சொன்னாத்தான் கேப்பான், வேணாம்னு சொல்லிடுன்னா. நான் அவகிட்ட சொன்னேன், நான் சொல்லமாட்டேன்மா, உனக்கு பயமா இருக்குன்னா நீயே அவன்கிட்ட சொல்லு, அப்பாவ விட்டும் சொல்ல வெக்காத, என்னை விட்டும் சொல்ல வெக்காத, உன் வாயால சொல்லு. சொன்னா. இப்ப வேணாம்யா, அம்மாவால முடியலன்னு. எங்கப்பா வேற பக்கத்துல உக்காந்துக்கிட்டு, எங்க காலத்துல பிள்ளைங்களுக்கு இதெல்லாம் கேக்கவே தைரியம் வராதுன்னு ஆரம்பிச்சாரு, நான் அவர தடுத்தேன், அப்பா, அவன் பேசட்டும்னு. எங்கப்பாவ குறுக்கிட்டு நான் பேசுனது என் நெனவுக்கு அதுதான் முதல் தடவ. பையன் எதிர்த்து ஒன்னும் பேசல. சரிம்மான்னுட்டு எஸ்டிபிஎம்ங்கிற மேல்நிலைப் பரீட்சை எடுக்க போயிட்டான்.

ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சி. மறுபடி கேட்டான். இந்த தடவ கேள்விங்களோட வந்தான். மாமா, வின்ச்ல ஆள தூக்கும்போது எஞ்சின் ஒன்னு நின்னா என்ன செய்வீங்க, எத்தன மணி நேரம் தூங்கணும், அம்மாவுக்கு எத்தன நாளைக்கு ஒரு தடவ போன் பண்ணலாம்னு எழுதி வெச்சிருந்தான். தங்கச்சியும் கூட உக்காந்து எல்லாத்தையும் கேட்டா, அவ பங்குக்கு அவளும் கேட்டா, கவுந்தா வெளிய வர முடியுமாண்ணேன்னு. நான் மறைக்கல. முடியும், அதுக்கு பயிற்சி உண்டு, சில சமயம் பயிற்சி இருந்தும் முடியாமயும் போகும்னு சொன்னேன். அவ ரொம்ப நேரம் அவன் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் அடையாள அட்டை நகல், பிறப்பு பத்திரம், பாரம் அஞ்சு பரீட்சையோட எஸ்பிஎம் சான்றிதழ் எல்லாத்தையும் அவளே ஒரு ஃபைல்ல போட்டு என் கையில கொடுத்தா.

ஆன்லைன் ஃபார்ம் போன வாரம் அனுப்பியாச்சி. கணக்கும் இயற்பியலும் அவனுக்கு நல்லா வருது, மலாய்ல பேசுறதும் பிரச்சனை இல்ல, நீச்சல்தான் இன்னும் கொஞ்சம் பாக்கணும், சனிக்கிழமை சனிக்கிழமை நான் குளத்துக்கு கூட்டிக்கிட்டு போறேன். கண் பரிசோதனைக்கு முந்தின ராத்திரி போன நோண்டாம சீக்கிரம் படுன்னு சொல்லியிருக்கேன். இந்த வேலைக்கு போக நெனைக்கிற பிள்ளைங்க வேற யாராவது இருந்தா, இல்ல அவங்க அம்மா அப்பாவுக்கு கேள்வி இருந்தா, என்கிட்ட கேளுங்க, எனக்கு தெரிஞ்சத சொல்றேன்.